கண் ஒப்பரேசனுக்குப் போன கதை

என்னுடைய இரண்டு கண்ணிலும் ஒரு பழுதும் இல்லை. இந்த வயதிலும் ஊசியின் காது எனக்குத் தெளிவாகத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் எங்கள் ஒழுங்கைச் சனத்துக்கும் கோயில் சனத்துக்கும் நான் போன வருசம் கொழும்புக்குக் கண் ஒப்பரேசனுக்குப் போனவள். உண்மையில் நான் போனது ஓட்டோவில் போய்வரக்கூடிய ஒரு ஆஸ்பத்திரிக்கு. இருந்தது மனநல வாட்டில்.

நான் கதைக்கிற ஆள் இல்லை. நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்து, நண்டுக் கூடையோடு கரைக்குப் போனவள். எழுதுவதற்கு அவ்வளவு வெட்கம் இல்லை, தாள் முகத்தைப் பார்ப்பதில்லை. எங்கள் பகுதிக்கு உளநல வேலைக்கு வருகிற துசி என்ற பிள்ளைதான் எழுதச் சொன்னது. "அம்மா, உங்களைப்போல வருத்தம் வந்த இன்னொராள் வாசிச்சா அவவுக்குப் பயம் குறையும்" என்றது. பயம் குறையுமோ எனக்குத் தெரியாது. எனக்குள்ளே இருக்கிற கோபம் இன்னும் குறையவில்லை. அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

வருத்தம் தொடங்கியது மணத்தில்.

குருநகர்க் கரையில் ஒரு வாடியில், மீன்காரரின் கொட்டிலில், எனக்கு வேலை. அவித்த நண்டை உடைத்துச் சதை எடுத்துப் பெட்டியில் அடைத்துக் கொடுக்க வேண்டும். கம்பனி வந்து ஐஸ் போட்டு ஏற்றிக்கொண்டு போகும். அது வெளிநாட்டுக்குப் போகிற சாமான். சதைக்குள் கோது, உடைந்த ஓட்டுத்துண்டு, இருக்கக் கூடாது. நண்டின் கோது நகத்துண்டு மாதிரி மெல்லியது, சதையின் நிறமே இருக்கும். ஒரு பெட்டியில் கோது பிடிபட்டால் அன்றைய பெட்டி முழுவதையும் திருப்பிவிடுவார்கள், மேசையில் இருக்கிற எல்லாருக்கும் அன்றைய கூலி போச்சு. அதனால் பெரிய சதை எடுக்கிற இடத்தில் கை பழகின ஆட்களைத்தான் இருத்துவார்கள். நான் அந்த இடத்தில் கனகாலம் இருந்தவள். எனக்குப் பக்கத்தில் என் மச்சாள் பிலோமினா, என் மனுசனின் தங்கச்சி. மேசைக்குப் பொறுப்பு அவள்தான். இவ்வளவு காலமும் என்னை ஏசாமல் அவள் ஒரு நண்டு உடைத்ததில்லை. "எடி ஞானம், உன்ரை கை என்ன ஆமையின்ரை காலோ? எடுத்து வையடி கெதியா." நான் பதில் சொல்லுவதில்லை, சிரிப்பேன். அவள் கத்துவதும் நான் சிரிப்பதும்தான் எங்களுடைய கதை.

நண்டு மணம் கையைவிட்டுப் போகாது. அது தொழில். ஆனால் ஒரு நாள் கோயிலில் இருக்கும்போது அந்த மணம் என் கையிலிருந்து வரவில்லை, உள்ளேயிருந்து வருகிறது என்று எனக்குப் பட்டது. நண்டு பழுதாகினால் வருகிற மணம். முன் வாங்கில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். என்னால்தான் திரும்பினாள் என்று நினைத்தேன். அடுத்த கிழமை வாசலடியில் இருந்தேன். அதற்கு அடுத்த கிழமை வெளியே வேம்புக்குக் கீழே. தேசிக்காய் தேய்த்துக் குளித்தேன், சவர்க்காரம் முடியும்வரைக்கும் குளித்தேன். பிறகு சோறு வேண்டாம் என்று விட்டேன். உள்ளே போகிறது எல்லாம் பழுதாகிறது, ஏன் போடுவான்? நித்திரை போனது. வேலைக்குப் போகிறதும் நின்றது. நான் உள்ளுக்குள்ளே செத்து அழுகிப்போனேன், மற்றவர்களுக்கு இன்னும் தெரியவில்லை என்று நம்பினேன். இப்போது எழுதும்போது எனக்கே இது விசர்க்கதை. அப்போது அது ஏசுவின் பாடுகளைப்போல உண்மை.

மகன் யூட்டும் மருமகள் றெஜியும் என்னை முதலில் கொண்டுபோனது பிரைவேட் ஆஸ்பத்திரிக்கு. வயிற்றுக்கு ஸ்கான் எடுத்தார்கள். தொண்டைக்குள்ளால் குழாய்விட்டு வயிற்றின் உட்பக்கத்தைப் படம் பார்க்கிற சோதனையும் செய்தார்கள். விழுங்கச் சொன்னார்கள், கண்ணால் தண்ணீர் ஓடியது. எல்லாம் பார்த்துவிட்டு "வயித்திலை ஒண்டும் இல்லை, காஸ்தான்" என்று ஒரு பை குளிசை தந்தார்கள். அந்த ஒன்றுமில்லாததைக் கண்டுபிடிக்கக் கொடுத்த காசுக்கு என் மகன் புதுவலை எடுத்திருக்கலாம். பிறகு செபக்கூட்டத்து ஆட்கள் வந்தார்கள். தலையில் கை வைத்துச் சத்தம்போட்டுச் செபித்தார்கள். அவர்கள் கையை எடுத்ததும் தங்கள் கையை மணந்து பார்ப்பார்கள் என்று நான் பயந்துகொண்டு இருந்தேன்.

கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில், நீட்டு வரிசைக்குப் பிறகு, ஒரு சின்ன வயது டொக்டர்ப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தது. நாடி பிடித்தது. பிறகு றெஜியைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்டது: "அம்மா, சாகவேணும் போல இருக்கோ?"

இவ்வளவு நாளும் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நான் தலையை ஆட்டினேன்.

"மணக்குது எண்டு சொன்னியளாம். எனக்கு மணக்கேல்லை அம்மா. ஆனா நீங்கள் பொய் சொல்லேல்லை. உங்களுக்கு மணக்குது. வருத்தம்தான் அந்த மணத்தைக் காட்டுது." அதன் பெயர் கடுமையான மனச்சோர்வு என்றது. கவலை வேறு, இது வேறு என்று விளங்கப்படுத்தியது. கவலைக்கு ஒரு காரணம் இருக்கும், ஆறும். இது காய்ச்சலைப்போல உடம்பில் வருகிற வருத்தம், நித்திரையையும் பசியையும் பிடித்துக்கொண்டு போகும், முற்றினால் இல்லாததை இருக்கிறதாகக் காட்டும். வாட்டில் வைத்து மருந்து செய்தால் மாறும்.

வெளியே நின்ற றெஜியைக் கூப்பிட்டு அதையே சொன்னது. றெஜி கேட்ட முதல் கேள்வி, "மிஸ், இது வெளியிலை தெரியவருமோ?"

அவளைக் குறைசொல்லத்தான் செய்வேன். ஆனால் அவளின் பயமும் எனக்குத் தெரியும். அவளின் மகள் ஷாமினிக்கு அப்போது பக்கத்துக் கோயில் பங்கில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெடியன் நல்ல பெடியன். "தகப்பன்ரை தாய்க்கு விசர்" என்று ஒரு சொல் போனால் போதும். ஓட்டோவுக்குள் வைத்தே முடிவெடுத்துவிட்டார்கள். அம்மா கொழும்பில், கண்ணில் ஒப்பரேசன், தெரிந்த வீட்டில் நிற்கிறா.

வாட்டில் முதல் நாள் என்னிடமிருந்து செபமாலையை வாங்கி வைத்தார்கள். அது கயிறு. சீலையும் கூடாது, சட்டைதான். அதற்குத்தான் நான் அழுதேன், மற்றதற்கு அழவில்லை. ஒரு நேர்ஸ் பிள்ளை, சைவப்பிள்ளை, நெற்றியில் திருநீறு, என் கட்டிலடியில் வந்து நின்று கேட்டது: "அம்மா, உங்கடை மாலையிலை ஒரு சுற்றுக்கு எத்தினை மணி?" பத்து என்றேன். "கையிலையும் பத்துத்தானே கிடக்கு. எண்ணுங்கோ" என்றுவிட்டுப் போனது. அந்தப் பிள்ளையை நான் மறக்கமாட்டேன்.

வந்த ஒவ்வொருவரும் காரணம் கேட்டார்கள். "என்ன யோசினை அம்மா?" பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் யுத்தத்தைக் கேட்டார்கள். ஆர் செத்தது, எங்கே இடம்பெயர்ந்தது, என்ன கண்டது. எல்லாம் சொன்னேன், எழுதிக்கொண்டு போனார்கள். நான் அந்தக் காலம் முழுவதும் சுகமான தலையோடு இருந்தவள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினவள், திரும்பிவந்து கூரை போட்டவள். எல்லாம் முடிந்து, வீடும் கட்டி, ஒரு குறையும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வைத்து எனக்கு மணந்தது. காரணம் இல்லாவிட்டால் ஒருவருக்கும் பிடிப்பதில்லை. காரணம் சொல்லாத வருத்தக்காரியை ஏதோ மறைக்கிறாள் என்று பார்க்கிறார்கள்.

பக்கத்துக் கட்டிலில் சறோ. கொடிகாமம் சந்தையில் மரக்கறி விற்றவள். கைகால் வீசிக் கதைப்பாள். நான் கட்டிலின் தலைமாட்டில் ஒதுங்கி இருப்பதைப் பார்த்துவிட்டு, வந்து முட்டிக்கொண்டு இருந்தாள்.

"என்ன குருநகர் அக்கா, மணக்குது மணக்குது எண்டு ஒதுங்கிறியளாம். எனக்கு உந்த ஆஸ்பத்திரிப் பருப்புத்தான் மணக்குது. அதுக்கு ஒருத்தரும் மருந்து குடுக்கினம் இல்லை."

நான் தள்ளி இருந்தேன். அவளும் தள்ளி வந்தாள்.

"மீன் சந்தைக்குப் பக்கத்திலை இருவது வரியம் தக்காளி வித்தனான். உங்களை மாதிரி எத்தினை மணத்தைக் கண்டனான்! இருங்கோ பேசாமல்."

அந்த வருத்தத்துக்குள்ளும் எனக்குச் சிரிப்பு வந்தது. வாய் சிரிக்கவில்லை, வயிற்றுக்குள் எங்கேயோ.

யூட் கடலால் வந்து குளித்துவிட்டுப் பின்னேரம் வருவான். அவனும் என்னைப் போலத்தான், கதைக்கமாட்டான். சோற்றுப் பாசலை அவிழ்த்து என் கோப்பையில் போடுவான். நான் வாயைத் திறக்கமாட்டேன். அவன் அந்தக் கோப்பையிலேயே ஒரு பிடி எடுத்துத் தான் தின்பான். "மணக்கேல்லை அம்மா. பாருங்கோ, நான் தின்னுறன்." பிறகு எனக்கு ஒரு பிடி. பிறகு தனக்கு ஒரு பிடி. தாடி நரைத்த பெரிய ஆம்பிளை, பெண்கள் வாட்டில், எல்லாரும் பார்க்கத் தாயின் கோப்பையில் பாதி தின்றுகொண்டு இருந்தான். அவனில் எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்ளுகிறேன்.

குளிசை போதவில்லை. நான் சரியாக மெலிந்துபோனேன். அதனால் கரண்ட் பிடிக்க வேண்டும் என்றார்கள்.  எங்கள் ஆட்கள் அதைப் பேய்க்கதை மாதிரித்தான் சொல்லுவார்கள். நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். காலமை சாப்பாடு இல்லை. ஊசி போட்டு நித்திரையாக்குவார்கள். பல்லுக்கு இடையில் மெத்தென்று ஒன்றைக் கடிக்கத் தருவார்கள். தலையில் கொஞ்ச நேரம் கரண்ட் விடுவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. எழும்பும்போது தலையிடிக்கும், இது எந்த இடம் என்று கொஞ்ச நேரம் பிடிபடாது. சில நாள்கள் என் ஞாபகத்திலிருந்து போயேவிட்டன, இன்னும் திரும்பவில்லை. ஆனால் சில தரம் பிடித்த பிறகு ஒரு நாள் தேத்தண்ணி தந்தார்கள், குடித்தேன். அது தேத்தண்ணியாக மணந்தது. சறோ பேணியைப் பறித்து மணந்து பார்த்துவிட்டு, "ஓம் அக்கா, பிளேன் ரீ. வாழ்த்துக்கள்" என்றாள்.

அவளுக்கு என்னிலும் முதலே துண்டு வெட்டியிருந்தார்கள், வீட்டுக்குப் போகலாம் என்று. கூட்டிக்கொண்டு போக ஒருவரும் வரவில்லை. தமையன் கொடுத்த போன் நம்பருக்கு ஆள் இல்லை. ஒவ்வொரு நாளும் குளித்து, தலை இழுத்து, பையைக் கட்டி வைத்துக்கொண்டு கட்டிலில் இருப்பாள். நான் வெளிக்கிடும்போதும் அப்படித்தான் இருந்தாள். "போட்டு வாங்கோ அக்கா" என்றாள். பிறகு தானே சிரித்துவிட்டு, "சீ, வராதைங்கோ" என்றாள்.

ஓட்டோவில் ஏறினதும் றெஜி பையிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்தாள்.

"மாமி, இதைப் போடுங்கோ. ஒழுங்கையிலை ஆக்கள் நிப்பினம்."

"எனக்குக் கண் தெரியுமே பிள்ளை."

"தெரியும் மாமி. அவைக்குத் தெரியக்கூடாது."

போட்டேன். கண்ணாடிக்குள்ளால் எங்கள் கடல் மழைக்காலம் மாதிரி இருந்தது.

இனித்தான் மற்ற வருத்தம்.

துசி வந்தது ஸ்கூட்டியில். றெஜி அதை ஒழுங்கை முடக்கில் விட்டுவிட்டு நடந்து வரச் சொன்னாள். "ஆரும் கேட்டா இன்சூரன்ஸ் எண்டு சொல்லுங்கோ." துசி சொன்னபடி நடந்து வந்தது. என்னோடு இருந்து, குளிசை எப்படி, நித்திரை எப்படி என்று விசாரித்தது. கை நடுங்குவது குளிசையால், போகப்போகக் குறையும் என்றது. பிறகு யூட்டிடம் சொன்னது: "அண்ணை, ஆஸ்பத்திரி செய்யிறது பாதிதான். மிச்சம் சனம் செய்யவேணும். அம்மாவை வீட்டுக்குள்ளை பூட்டி வைச்சா வருத்தம் திரும்பி வரும். அவ முந்திப் போன இடத்துக்குப் போகட்டும். வேலையும் மருந்துதான்." ஷாமினியின் சம்பந்தக்காரர் பார்த்தாலும் சுகமாகிவிட்டா என்று நினைப்பார்கள் என்று றெஜியும் ஒத்துக்கொண்டாள். ஆனால் கண்ணாடியோடு.

துசி வாடிக்குப் போய் மச்சாளைத் தனியக் கூப்பிட்டுக் கதைத்தது. சத்தம்போட்டு ஏசாதையுங்கோ, அவசரப்படுத்தாதையுங்கோ, ஆறுதலாகக் கதையுங்கோ என்றது. பிள்ளை சொன்னது நல்லதுக்குத்தான். படித்த இடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் எங்கள் கரையைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு ஒன்று தெரியாது. காற்றுக்கும் எஞ்சினுக்கும் மேலால் கதைத்துப் பழகின சனம் நாங்கள். எங்கள் ஆட்கள் மெல்லக் கதைப்பது இரண்டு இடத்தில். பூசையில் சுவாமியார் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்ற நேரம். மற்றது, சாகக் கிடக்கிற ஆளின் கட்டிலடி.

நான் வாடிக்குள் போன அன்றைக்கு, வாசலிலேயே எல்லாருடைய சத்தமும் கேட்டது. ஐஸ் பிந்திவிட்டது என்று யாரோ யாரையோ கிழித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே கால் வைத்தேன். றேடியோவை நிற்பாட்டினது மாதிரி நின்றது.

"வாங்கோ மச்சாள்" என்றாள் பிலோமினா. வாங்கோவாம். நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாள் தொடக்கம் அவள் வாயில் எனக்கு வாடி, போடி, எடி. "கண் எப்பிடி மச்சாள்? வெளிச்சம் குத்துதோ? இந்தப் பக்கம் இருங்கோ. களைச்சா சொல்லுங்கோ." குரல் பஞ்சு மாதிரி. மற்றவர்களும் அப்படியே. "ஞானம் அக்கா, தேத்தண்ணி குடிச்சனீங்களோ?" "ஞானம் அக்கா, ஆறுதலா, ஆறுதலா." ஒருவரும் என்னோடு பகிடி விடவில்லை. நான் பிந்தி வந்தாலும் ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் இருந்து யோசித்தேன், நான் சாகப்போகிறேன், டொக்டர் இவர்களுக்குச் சொல்லியிருக்கிறார், எனக்குத்தான் சொல்லவில்லை என்று.

துசி மாதத்தில் ஒரு தரம் எங்களைப் போல வருத்தம் வந்த ஆட்களைக் கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூட அறையில் கூட்டும். வட்டமாகக் கதிரை போட்டுத் தேத்தண்ணியும் ரோல்சும் தருவார்கள். முதல் தரம் நான் வாயே திறக்கவில்லை. இரண்டாம் தரம் எனக்கு முன்னால் இருந்த அச்சுவேலிக்காரர் ஒருவர், வயதானவர், கேட்டார்: "தங்கச்சிக்குக் கண்ணிலை என்ன செய்தவை?"

எனக்கு என்ன வந்ததோ, "கண்ணிலை ஒண்டும் இல்லை. வீட்டிலை அப்பிடிச் சொல்லிப்போட்டினம்" என்றேன்.

 பிறகு ஒரு இளம் பெடியன் கையை உயர்த்தினான். "நான் டுபாயிலை நிண்டனான் அம்மா. வாட்டிலை இருந்து வரேக்கை அப்பா கடையிலை சொக்லேட்டும் வாங்கி, ஊர்ச் சனத்துக்குக் குடுக்கச் சொன்னவர்." ஒரு ரீச்சர் சொன்னாள், தனக்குக் கர்ப்பப்பை எடுத்ததாம். அச்சுவேலிக்காரர் தான் இந்தியாவில் காசிக்குப் போய்வந்தவர் என்றார். "இப்ப சனம் வந்து காசி எப்பிடி எண்டு கேக்குது. நானும் சொல்லுறன், தண்ணி சரியான குளிர் எண்டு."

அந்த அறையில் சிரித்த சிரிப்பை வேறெங்கும் நான் கேட்டதில்லை. ஆனால் பஸ்ஸில் வரும்போது எனக்கு நெஞ்சு கசந்துபோயிற்று. இந்த யாழ்ப்பாணத்தில் விசர் வந்த ஆள் ஒருவரும் இல்லை. எல்லாரும் எங்கேயோ போயிருந்தவர்கள்.

கொஞ்ச நாளால் வேலை முடிந்து வந்தபோது குடையை வாடியில் விட்டுவிட்டேன். பாதி ஒழுங்கையில் நினைவு வந்து திரும்பிப் போனேன். உள்ளே பழையபடி சத்தமும் சிரிப்பும். வாசலடியில் நின்று பார்த்தேன். பிலோமினா ரியூப் லைற்றுக்குக் கீழே இருக்கிறாள். அவளுக்கு முன்னால் என் பெட்டி. என் சதையை ஒவ்வொரு கிள்ளாக எடுத்து, விரலால் தடவித் தடவிப் பார்த்து, கோதைப் பொறுக்கித் தட்டத்தில் போடுகிறாள். பக்கத்தில் இருந்தவள், "நாளைக்கு நான் பாக்கிறன் அக்கா, உங்களுக்கு இடுப்பு நோகுது" என்றாள். அப்படியென்றால், முறை வைத்துச் செய்கிறார்கள்.

நான் வாட்டால் திரும்பி வந்த நாள் தொடக்கம் இதுதான் நடந்திருக்கிறது. நடுங்குகிற கையும் கறுப்புக் கண்ணாடியுமாக நான் எடுத்த சதை முழுக்கக் கோது. அதை எனக்குச் சொல்லாமல், நான் போன பிறகு, திரும்ப எடுத்திருக்கிறார்கள். எனக்கு முழுக்கூலி தந்திருக்கிறார்கள். "நல்லாயிருக்கு ஞானம் அக்கா" என்று சொல்லியிருக்கிறார்கள். சின்னப்பிள்ளை மண்சோறு சமைத்துத் தந்தால் தின்கிற மாதிரி வாயை அசைப்போமே, அப்படி.

குடையை எடுக்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த நாள் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. பிறகு ஒரு காலமை இடியப்பத்தை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன், மணந்தது. மெல்லத்தான் மணந்தது. கோப்பையைத் தள்ளி வைத்தேன். றெஜி பார்த்தாள். அன்று பின்னேரம் பிரான்சில் இருக்கிற என் மகளோடு போனில் கதைத்தாள். நான் நித்திரை என்று நினைத்தாள்.

"திரும்ப வருகுது மச்சாள். என்னாலை இனி ஏலாது. கன்னியாஸ்திரிமார் நடத்துற வயோதிபர் இல்லம் ஒண்டு இருக்கு. நல்லாப் பாப்பினமாம். ஷாமினியின்ரை விசயம் முடியுமட்டுமாவது விடுவம்."

கட்டிலில் கிடந்து கேட்டேன். எனக்குச் சறோவின் கட்டின பை கண்ணுக்குள் நின்றது. அங்கே போனால் எனக்கு வேலை இல்லை, மேசை இல்லை, நல்லாகப் பார்ப்பார்கள். நான் திரும்பி வரப்போவதில்லை.

துசி அடுத்த நாள் வந்தது. என்ன நடந்தது என்று பலதரம் கேட்டது.  கடைசியில் சொன்னேன்: "என்ரை சதையை அவை திரும்பப் பாக்கினம். பிறகு நான் என்னத்துக்கு?"

துசிக்கு முகம் கறுத்துப்போயிற்று. "நான்தான் அவைக்கு அப்பிடிச் சொன்னனான் அம்மா" என்றது. "உங்கடை மச்சாளிட்டை நீங்களே கேளுங்கோ. நான் போய்க் கேட்டுத் தரமாட்டன். நான் கேட்டா, திரும்பவும் உங்களை ஆரோ தடவிக்குடுக்கிறமாதிரிப் போயிடும். ஆனா கொண்டுபோய் விடுறன். ஏறுங்கோ."

இந்த வயதில் ஸ்கூட்டியில் ஏறினேன். கண்ணாடியும் போட்டிருந்தேன். வாடி முடக்கில் துசி நின்றுகொண்டது.

மேசையில் கடைசிப் பானை நண்டு. நான் போனதும் வழமைபோலச் சத்தம் நின்றது. பிலோமினா எழும்பினாள். "வாங்கோ மச்சாள். சுகமில்லையெண்டு கேள்விப்பட்டம். ஏன் இந்த வெயிலுக்கை வந்தனீங்கள்?"

 "என்ரை சதையிலை கோது கிடந்ததோ?" என்று கேட்டேன்.

"இல்லையே மச்சாள். நல்லாத்தானே எடுத்தனீங்கள். உங்களுக்கேன் உந்த யோசினை? வீட்டை போய்ப் படுங்கோ."

"பொய் சொல்லாதை பிலோ" என்றேன். வாழ்க்கைப்பட்டு வந்த நாள் தொடக்கம் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவளின் முகம் வீங்கினது.  பிறகு அந்த வாய் திறந்தது.

"பொய்யோ? நானோடி பொய் சொன்னது? ஆரடி முதல் பொய் சொன்னது? கண் ஒப்பரேசன் எண்டு, கரிச்சட்டியைக் கவிட்டமாதிரி ஒரு கண்ணாடியும் போட்டுக்கொண்டு வந்து நிண்டது ஆர்? உனக்குக் கண்ணிலையே வருத்தம்? தலையிலையடி வருத்தம்! நீ விசர் வாட்டிலை கிடந்து வந்தனி எண்டு இந்த மேசைக்குத் தெரியும், ஐஸ்காரனுக்குத் தெரியும், கோயில் மணியடிக்கிற சங்கிலித்தாமுக்கும் தெரியும். உன்ரை மருமேள் ஒருத்திதான் ஒருத்தருக்கும் தெரியாது எண்டு திரியிறாள்! நான் ஆஸ்பத்திரிக்கு வந்தனான், தெரியுமோ உனக்கு? பணியாரமும் சுட்டுக்கொண்டு வந்தனான். வாசல்லை அவள் மறிச்சுக்கொண்டு நிண்டு, 'மாமி கொழும்பிலை' எண்டாள். ஆஸ்பத்திரி வாசல்லை நிண்டுகொண்டடி! நான் பணியாரத்தைக் கொண்டுபோய் நாய்க்குப் போட்டனான்!"

அழுதுகொண்டே கத்தினாள். "இவ்வளவு நாளும் வாயைத் தைச்சுக்கொண்டு, வாங்கோ போங்கோ எண்டு, எனக்கு நெஞ்சு வெடிக்கப் பாத்தது. கழட்டடி அந்தச் சனியனை!"

கழற்றினேன்.  பானை கொதிக்கிற சத்தம் மட்டும். பிறகு மேசையின் கடைசியிலிருந்து ஒரு குரல், "பிலோமினாக்காவின்ரை வாய் திறந்திட்டுது. இனி ஊரிலை மழைதான்" என்றது. ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும். வருத்தத்துக்குப் பிறகு, நான் நிற்கும்போதே அந்த மேசையில் கேட்ட முதல் சிரிப்பு.

இதோடு எல்லாம் சரிவந்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். சரிவரவில்லை. அன்று பொழுதுபடமுன்னமே கதை பக்கத்துப் பங்குக்குப் போய்விட்டது. சம்பந்தக்காரர் சாத்திரம் பார்க்காத கிறிஸ்தவர்கள், பொருத்தம் இல்லை என்று சாட்டுச் சொல்ல ஏலாது, அதனால் பெடியனுக்கு இப்போது கலியாண யோசனை இல்லை என்று சொன்னார்கள். ஷாமினி "போகட்டும் அப்பம்மா" என்றாள். என்றுவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், எனக்குக் கேட்டது. றெஜி சோறு போட்டு வைப்பாள், முகம் பார்ப்பதில்லை. இல்லத்துக் கதை நின்றிருக்கிறது. முடிந்துவிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. கிளினிக்குக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவது இப்போது பிலோமினா. வாங்கில் இருந்து சத்தமாகக் கதைத்து எனக்கு வெட்கத்தை வாங்குவாள். வாடியில் என்னைப் பெரிய சதையிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதிதாக வருகிற பெட்டைகளோடு ஓடு கழற்றுகிற பக்கத்தில் இருக்கிறேன், கூலியும் அந்தக் கூலிதான். கை நடுக்கம் நின்றால் பார்ப்போம் என்றாள் பிலோமினா. நிற்குமோ தெரியாது. இவ்வளவு நாளும் எனக்குப் பின்னால் நின்று இரக்கப்பட்ட எல்லாரிலும் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. என் மகனைத் தவிர. அந்த நேர்ஸ் பிள்ளையையும் தவிர.

ஆனால் அன்று பின்னேரம் நடந்தது இது. சிரிப்பு அடங்கியதும் பிலோமினா முகத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டு ஒரு பானை நண்டை எனக்கு முன்னால் கொட்டினாள். "எடு" என்றாள். எடுத்தேன். எடுத்து முடிய, பெட்டியை லைற்றுக்குக் கீழே கவிழ்த்து, "இப்ப பார். என்னெண்டு கிடக்கு பார்" என்றாள். பார்த்தேன். வெள்ளைச் சதைக்குள் வெள்ளைக் கோது, அங்கங்கே, பிள்ளை நகம் வெட்டிப் போட்ட மாதிரி. எனக்குத் தெரிந்தது.

"பொறுக்கு" என்றாள்.

மற்றவர்கள் மேசை கழுவி, கை கழுவி, ஒவ்வொருவராகப் போனார்கள். நான் நடுங்குகிற விரலால் ஒவ்வொன்றாகத் தடவி எடுத்தேன். அவள் எனக்கு முன்னால் வாங்கில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்து, என் கையை, என் வம்சத்தை, என்னைக் கட்டின தன் தமையனை, ஒருவரையும் விடாமல் ஏசிக்கொண்டிருந்தாள். இருண்டுகொண்டு வந்தது. அவள் எழும்பிப் போகவில்லை. ஒரு கோதைக்கூட எடுத்துத் தரவும் இல்லை.